அன்றாட மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும்

வக்கீல் தொழிலில் நான் வாங்கிய முதல் அடி டெலிபோன் டைரக்டரியால் விழுந்தது. அடித்தவன் எதிர்க்கட்சி ஆள் இல்லை. எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் மற்றவர்கள் கிளம்பிப் போனதும் அவன் மேஜைகளைச் சுவரோரம் தள்ளுவான், நான் ஜன்னல்களைச் சாத்துவேன். பிறகு அவன் என்னை அடிப்பான், அல்லது நான் அவனை அடிப்பேன். முதல் தடவை சத்தம் கேட்டுக் கடைக்காரர் மேலே ஓடி வந்தார்.

"என்னாம்மா, போலீசக் கூப்பிடவா?"

"வேணாண்ணே, டிரெய்னிங்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

எண்பதுகளின் பிற்பாதி அது. நாங்கள் இருவரும் வணிக வழக்குகள் நடத்தும் இளம் வக்கீல்கள். அவன் கிள்ளான்காரன், லோரிக் கம்பெனி வைத்திருந்தவரின் மகன். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். சம்பள நாளன்று எங்கள் வரிசையில் எந்த வீட்டில் மண்டை உடையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்பாவின் பெல்ட் எந்த ஆணியில் தொங்கும் என்பது எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே தெரியும். அந்த வரிசையை விட்டு வெளியேறத்தான் சட்டம் படித்தேன். கோட்டு போட்டவள் மேல் எவனும் கை நீட்ட மாட்டான் என்று நினைத்தேன். நினைப்பதற்கு என்ன, யாரும் தடுக்கப் போவதில்லை.

வணிக வழக்கில் ஒரு தேடுதல் உத்தரவு உண்டு. நோட்டீஸ் அனுப்பினால் எதிரி ஆதாரத்தை எரித்துவிடுவான் என்று நீதிபதிக்குத் தோன்றினால், அவனுக்குத் தெரியாமலே அந்த உத்தரவைக் கொடுப்பார். வக்கீல் அதை எடுத்துக்கொண்டு நேரே அவன் இடத்துக்குப் போய்த் தேடலாம். ஆனால் கதவை உடைக்கக் கூடாது, முட்டித் தள்ளக் கூடாது. உள்ளே விடச் சொல்லி அவனிடமே கேட்க வேண்டும். அதற்கு முன்னால், அந்தக் காகிதம் என்ன சொல்கிறது, அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை அவனுக்குப் புரியும்படி அன்றாட மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் உள்ளே போனால் உத்தரவே ரத்தாகிவிடும். எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வக்கீலின் லைசென்சுக்கும் ஆபத்து.

இதைப் பற்றி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் வக்கீல்களுக்கான பயிற்சி வகுப்பு நடந்தது. தேநீர், கறிபாப், குளிரூட்டிய மண்டபம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் வெளிச்சப் பெட்டியில் தாள்களை மாற்றி மாற்றிச் சுவரில் காட்டினார். 'அன்றாட மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும்' என்ற வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டார். கிள்ளான்காரன் கையைத் தூக்கி, சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்தால் என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் கேட்டான். "அப்படியானால் கோர்ட்டில் கொடுக்க உங்களுக்கு அருமையான சத்தியப் பத்திரம் கிடைத்துவிட்டது" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் வழியில் பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கிள்ளான்காரன் ஸ்டீயரிங்கைக் குத்தினான்.

"அந்தாளு ஒரு தடவையாச்சும் எங்க கிள்ளான்ல மேரு பக்கம் போயிருப்பான்னு நெனைக்கிற? எங்கப்பா லோரிக்குத் தவணை கட்டலன்னு வந்தவன எங்க ஆளுங்க எப்படி அனுப்புனாங்க தெரியுமா? அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள பல்லு கீழ கெடந்துச்சு லா."

"அப்ப நாம வாயத் தொறந்தே வச்சிருக்கப் பழகணும்" என்றேன்.

அப்படித்தான் சனிக்கிழமைப் பயிற்சி தொடங்கியது. விதிகளை நாங்களே போட்டுக்கொண்டோம். ஒருவர் வக்கீல், மற்றவர் எதிரி. எதிரி கத்தலாம், திட்டலாம், தள்ளலாம், கையில் கிடைத்ததை எறியலாம். வக்கீல் திருப்பி அடிக்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது, 'அண்ணே' என்று கூப்பிடுவதை விடக் கூடாது. நான் யார், இது என்ன காகிதம், உங்கள் உரிமை என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் தடுமாறினால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதி என்னுடையது. அரைகுறையாகக் கேட்டவன் 'எனக்குப் புரியவில்லை' என்று கோர்ட்டில் சொல்லிவிடுவான் என்பது என் பயம்.

கிள்ளான்காரன் எதிரியாக நடிப்பதில் கில்லாடி. அப்பாவின் லோரி ஆட்களை அப்படியே கொண்டு வருவான். சூடான தேநீரை என் காலடியில் வீசினான். டைரக்டரியால் தோளில் போட்டான். ஒரு தடவை கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். நான் மூச்சுத் திணறிக்கொண்டே, "அண்ணே, நீங்க மொதல்ல ஒரு வக்கீலக் கூப்பிடலாம், அது உங்க உரிமை" என்று முடித்தேன். கையை எடுத்துவிட்டு அவனே ஓடிப்போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தான். என் முறை வரும்போது நானும் கருணை காட்டவில்லை. குவார்ட்டர்ஸில் கேட்ட வசவுகளையெல்லாம் அவன் மேல் கொட்டி, ஸ்டேப்ளரால் அடித்து அவன் புருவத்தைக் கிழித்திருக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு மேரு வந்தது.

எங்கள் கட்சிக்காரர் கிள்ளானில் தாத்தா காலத்திலிருந்து மசாலாத்தூள் விற்கும் குடும்பம். அவர்களிடம் சரக்கு எடுத்து விற்றுக்கொண்டிருந்த ஒருவன் விலகிப்போய், மேருவில் சொந்தமாக ஆலை போட்டான். அவர்களுடைய டின்னையும் லேபிளையும் அச்சு அசலாக அடித்து, உள்ளே சாயமும் உமியும் கலந்த தூளை அடைத்து விற்றான். அவனை 'அவர்' என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. உத்தரவு கிடைத்ததும் நானும் கிள்ளான்காரனும் காலையிலேயே போனோம். துணைக்கு வருவதாகச் சொன்ன போலீஸ் வந்து சேரவில்லை. லோரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்ததால் கேட் திறந்து கிடந்தது. காத்திருந்தால் சரக்கு போய்விடும். எங்கள் கட்சிக்காரர் ஆலை ஆட்களைப் பார்த்ததும் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். கிள்ளான்காரனைக் கேட்டருகிலேயே ரெண்டு பேர் மடக்கிப் பிடித்துவிட்டார்கள். நான் மட்டும் முற்றத்தைக் கடந்து ஆலை வாசல் வரை போய்விட்டேன்.

உள்ளே அரவை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அவன் வாசலில் வந்து நின்றான்.

"யாரு நீ? எவன் உள்ள விட்டது?"

"அண்ணே, நான் வக்கீல். இது கோர்ட் ஆர்டர். இதுல என்னா இருக்குன்னு சொல்றேன், கேளுங்க" என்று அவன் காதருகே கத்தினேன்.

இடது கன்னத்தில் அறைந்தான். காதோடு சேர்ந்து விழுந்த அறை. உள்ளே ஏதோ கிழிந்தது தெரிந்தது. அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றுபோய் விசில் மட்டும் கேட்டது. தடுமாறிவிட்டேன். தடுமாறினால் முதலிலிருந்து. "அண்ணே, நான் வக்கீல். இது கோர்ட் ஆர்டர்." பக்கத்துச் சாக்கிலிருந்து மிளகாய்த்தூளை அள்ளி என் முகத்தில் அடித்தான். அந்த எரிச்சலை எழுத எனக்குத் தெரியாது. கண்ணைத் தோண்டி வெளியே எறிந்துவிடலாம் போல இருந்தது. மூக்கிலும் வாயிலும் ஒழுகியது. இருமிக்கொண்டே கதவு நிலையைப் பிடித்தேன். "அண்ணே, நான் வக்கீல்." மசாலா வறுக்கும்போது கிண்டுகிற மரத் துடுப்பை எடுத்து, நிலையைப் பிடித்திருந்த கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அந்த இரைச்சலிலும் வலது காதுக்கு எட்டியது. மண்டியிட்டு விழுந்தேன். அவன் பக்கம் முகத்தைத் தூக்கிக் கத்தினேன். "அண்ணே, நான் வக்கீல். இது கோர்ட் ஆர்டர். நீங்க மொதல்ல ஒரு வக்கீலக் கூப்பிடலாம், அது உங்க உரிமை. அவரு வர்ற வரைக்கும் நாங்க காத்திருப்போம். உள்ள விடலன்னா கோர்ட்டு ஒங்கள ஜெயில்ல போடலாம்ணே."

முடித்தேன். முடித்த பிறகும் முதுகில் ஒன்று விழுந்தது.

அதற்குள் போலீஸ் வந்தது. ஆலை நின்றது. அவன் வெறுத்துப்போய், "தேடிக்கோ, என்னா வேணா எடுத்துக்கோ" என்று போலீஸ்காரரிடம் சொல்ல, கிள்ளான்காரன் உள்ளே போய்க் கட்டுக்கட்டாக லேபிள்களையும் அச்சுத் தகடுகளையும் கைப்பற்றினான். நான் குழாயடியில் தலையை நீட்டிக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் அம்மா என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இதுக்குத்தான் ராப்பகலா படிச்சியா? குவார்ட்டர்ஸ்லயே எவனையாச்சும் கட்டியிருந்தா, இந்த அடி ஓசியிலயே கெடச்சிருக்கும்."

எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. முதுகு விடவில்லை.

கட்டுப் பிரிப்பதற்குள் அவனுடைய சத்தியப் பத்திரம் வந்து சேர்ந்தது. கோர்ட்டில் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனு, கூடவே என் லைசென்ஸைப் பறிக்கச் சொல்லித் தனியாக ஒரு புகார். போலீஸ் மாதிரி ஒரு பெண் உள்ளே புகுந்தாள், ஒரு வார்த்தையும் விளக்கவில்லை, என்ன ஏது என்று புரியாமல் பயத்தில் தள்ளிவிட்டேன் என்று சொல்லியிருந்தான். நான் விளக்கிச் சொன்னதைக் கேட்ட சாட்சி ஒருவரும் இல்லை. கிள்ளான்காரன் அடியைப் பார்த்தான், வார்த்தையைக் கேட்கவில்லை. ஆலை ஆட்களுக்கு இயந்திரச் சத்தத்தில் எதுவும் விழவில்லை. நான் சொன்னேன் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவனோ, நான் சொல்லவில்லை என்கிறான். அடி வாங்கியதைவிட அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் விசாரணை. இருவரையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று நீதிபதி அனுமதித்தார். முதலில் நான். அவனுடைய வக்கீல் பெரிய கை. மென்மையாகப் பேசுகிறவர், கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆளை அறுப்பவர். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. இடது காது செத்திருந்ததால் வலது பக்கமாகத் திரும்பி நின்று பதில் சொன்னேன்.

"கண்ணில் மிளகாய்த்தூள். அப்படியிருக்க உத்தரவை எப்படிப் படித்தீர்கள்?"

"படிக்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும்."

"கை முறிந்து, காது கிழிந்து, மண்டியிட்ட நிலையில், மனப்பாடமாக, ஒன்றும் விடாமல்?"

"ஆமாம். அதற்குப் பயிற்சி செய்திருந்தோம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பயிற்சி. அதாவது, ஒத்திகை?"

வாயை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. அவர் விடவில்லை. எங்கே ஒத்திகை, யாருடன், யார் எதிரியாக நடித்தது, டைரக்டரியால் அடித்தாரா, நீங்களும் அடித்தீர்களா என்று ஒவ்வொன்றாக உருவினார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. சனிக்கிழமைதோறும் நாடகம் போட்டவர் மேருவில் நடக்காததை நடந்ததாகக் கற்பனை செய்துகொண்டார் என்று முடித்தார். நீதிபதி என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். துடுப்படி எலும்பைத்தான் உடைத்தது. இந்த மனிதர் நின்ற இடத்திலேயே என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். லைசென்ஸ் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். இனி அப்பா வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும், அந்த பெல்ட் இன்னும் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து அவன் ஏறினான். தமிழில் பேசினான், மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி சொன்னார். எங்கள் அலுவலகப் பங்குதாரர்தான் குறுக்கு விசாரணை செய்தார். அவரும் நல்ல வக்கீல்தான், ஆனால் அவன் உடும்புப் பிடியாக நின்றான். எதைக் கேட்டாலும், "அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லல, யாங் ஆரிஃப்" என்று நீதிபதியை மலாய் மரியாதையில் அழைத்துக் கைகூப்பினான். பங்குதாரர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். கிள்ளான்காரன் தலையைத் தொங்கப்போட்டான்.

அத்தோடு அவனுடைய வக்கீல் எழுந்திருக்காமல் இருந்திருந்தால் வழக்கு அவர்கள் பக்கம். எங்கள் தொழிலில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொள்வதுதான் மிகவும் கஷ்டம். என் முறிந்த கை நீதிபதியின் கண்ணை உறுத்துகிறது, அதைக் கொஞ்சம் பூசி மெழுகிவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. நீங்கள் குடும்பஸ்தர். ஒரு பெண்ணின் மேல் கை வைக்கும் அளவுக்கு உங்களைத் தூண்டியது எது? ஏன் அப்படிச் செய்ய நேர்ந்தது? மாண்புமிகு நீதிபதியிடம் நீங்களே சொல்லுங்கள்."

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். அதுவரை கைகூப்பி நின்றவன் முகம் சிவந்தது. மேரு வாசலில் நான் பார்த்த முகம் வந்துவிட்டது.

"பின்ன என்னாங்க யாங் ஆரிஃப்? ஒரு அறை விட்டா ஓடிடும்னு பாத்தேன். ஓடல. மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது! தூளப் போட்டேன். மறுபடியும் மொதல்லேர்ந்து! 'அண்ணே, நான் வக்கீல், இது கோர்ட் ஆர்டர், நீங்க வக்கீலக் கூப்பிடலாம், அது உங்க உரிமை'ன்னு. அடிக்க அடிக்க அதையே சொல்லுது. வாய மூடுன்னு எத்தன தடவ சொல்றது? கீழ விழுந்தும் 'ஜெயில்ல போடுவாங்க அண்ணே'ங்குது. மனுசனுக்கு ஆத்திரம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க!"

மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் முடிக்கும்வரை அவனுடைய வக்கீல் கண்ணாடியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, "எந்த வரிசையில் சொன்னார் என்று இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள்" என்றார். அவன் அதே கோபத்தில், அதே வரிசையில், மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். ஒன்றும் விடவில்லை. கிள்ளான்காரன் மேஜைக்கடியில் என் நல்ல கையைப் பிடித்து நசுக்கினான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் இல்லை.

உத்தரவு ரத்தாகாமல் நின்றது. என் மேலிருந்த புகாரும் தள்ளுபடியாகிவிடும் என்று பங்குதாரர் சொன்னார், பின்னால் அப்படியே ஆனது.

வெளியே தாழ்வாரத்தில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். பெரிய வக்கீல் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, அவனை விட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார். நான் கடந்து போகும்போது அவன் என் பக்கம் ஓரடி வைத்தான். என் உடம்பு தானாகவே பின்வாங்கியது. மேருவில் பின்வாங்காத உடம்பு.

"நீ சொன்னது நெசந்தான்" என்றான். குரலில் மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. "அன்னிக்கே வக்கீலக் கூப்பிட்டிருக்கணும். நமக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதுன்னு எவனுக்குத் தெரியும்?"

அவ்வளவுதான், என் கை ஓங்கிவிட்டது. கட்டு பிரித்த, இன்னும் சரியாக மடங்காத கை. அந்தக் கையாலேயே அவன் காதோடு சேர்த்து ஒன்று விட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. காது போய், எலும்பு போய், அத்தனையும் அவனுடைய உரிமையை அவனுக்குச் சொன்னதற்காக. அடித்திருப்பேன். ஆனால் வக்கீல் திருப்பி அடிக்கக் கூடாது, 'அண்ணே' என்பதை விடக் கூடாது. விதி நாங்கள் போட்டதுதான். கையை இறக்கினேன்.

"அண்ணே, என்னய அடிச்சதுக்குப் போலீஸ் கேஸ் இன்னும் பாக்கி இருக்கு. அதுக்காச்சும் ஒரு வக்கீலக் கூப்பிடுங்க. அது உங்க உரிமை" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். இந்தத் தடவை கடைசி வரை கேட்டான்.